பாகாயம் எப்படி இருந்தது?

பேருந்து இன்னும் தொரப்பாடி ஜெயில் சுவரைத் தாண்டவில்லை.
கைப்பைக்குள் ஓர் அதிர்வு.
"ஞானசுந்தர், பாகாயம் எப்படி இருந்தது?"
கீழே ஐந்து நட்சத்திரங்கள்
தொடச்சொல்லி, வெறுமையாக.

ஞானசுந்தர் என் வீட்டுக்காரர்.
ஆம்பூர் பஜாரில் போன் வாங்கிய அன்று
கடைப்பையன் அவர் பேரைத்தான் போட்டான்.
"ஒரே ஐடி போதும்க்கா, ரெண்டு போனும் ஒண்ணாயிடும்."
தாலி கட்டிப் பதினோரு வருஷத்தில் ஆகாதது
பதினோரு நிமிஷத்தில் ஆனது.

பாகாயத்தில்
டோக்கனோடு வேப்பமரத்தடி பெஞ்சில் இருந்தேன்.
தூக்கம் வருதா என்று கேட்டார் டாக்டரம்மா.
வீட்டுக்கு வருது, என்கிட்ட வர்றதில்ல என்றேன்.
அதை அவர் எழுதவில்லை.
பேனாவை மூடிக் கீழே வைத்தார்.
அதற்குத்தான் அழுதேன்.

எத்தனை நட்சத்திரம் போடுவது இதற்கு?

நான் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள்.
எங்கள் வரிசைக்கு இடதுகால் மட்டும்,
ஒரு நாளைக்கு முந்நூறு.
கப்பலேறி எங்கோ போகின்றன.
எந்த ஊர்ப் பனியில் மிதிக்கிறார்கள்,
யார் வீட்டு வாசலில் கழற்றுகிறார்கள்,
யாருக்குத் தெரியாமல் யாரைப் பார்க்கப் போகிறார்கள்
ஒரு நாளும் நான் கேட்டதில்லை.
தைத்து, நூலறுத்து, அனுப்பிவிடுகிறேன்.

மாதக் கடைசியில் அவர் போனுக்குக் கணக்கு வந்தது:
உங்கள் ஆகஸ்ட், நான்கு ஊர்கள், பாகாயம் மூன்று முறை.
சோற்றில் கையை வைத்தபடி படித்தார்.
"நான் எப்போ பாகாயம் போனேன்?
தோல் லோடு ஏத்திகினு ராணிப்பேட்டைல இல்ல இருந்தேன்?
போனுக்குப் பைத்தியம் புடிச்சிகீது.
இத்தத்தான் பாகாயத்துல சேக்கணும்."
சிரித்தார். கொழுந்தன் சிரித்தான்.
நானும்.
ரசம் ஊற்றும்போது கை ஆடியதை
நல்லவேளை, எதுவும் பதிந்துகொள்ளவில்லை.

அதிலிருந்து அவர் போனில்
தூக்கத்துக்குத் தலையணை,
உச்சந்தலைக்கு எண்ணெய்,
மூன்றே நாளில் மன நிம்மதி, இன்று மட்டும் பாதி விலை.

அடுத்த வியாழக்கிழமை
போனைத் தில்ஷாத்தின் சாப்பாட்டுப் பையில் போட்டேன்.
"சாயந்திரம் வரைக்கும் வச்சிரு" என்றேன்.
ஏன் என்று கேட்காத ஒருத்தி
கம்பெனியில் அவள்தான்.
நான் பாகாயத்தில் இருந்தேன்.
என் போன் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே
இடதுகால் தைத்தது.

ராத்திரி அது கேட்டது:
"ஞானசுந்தர், பேர்ணாம்பட்டு அடகுக்கடை எப்படி இருந்தது?"

தங்கச்சி நிக்காஹ்வுக்கு நகையெல்லாம் தயார் என்று
தில்ஷாத் சொல்லிக்கொண்டிருந்தாள், இரண்டு மாதமாய்.
நான் எதுவும் கேட்கவில்லை.
ஆனாலும் தெரிந்துவிட்டது.
மறுநாள் கேன்டீனில் அவள் எதிரே உட்கார்ந்து
வெறுங்கழுத்தைப் பார்க்காமல் சாப்பிட
எனக்குப் பழக்கமில்லாமல் இருந்தது.
அவள் டீயில் சர்க்கரை கலக்கினாள்,
வெகுநேரம்.

இன்றைக்குப் போன் வீட்டில்,
சார்ஜில், மறந்துவிட்டதுபோல்.
பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறினேன்.
கோட்டை அகழித் தண்ணீர் பச்சையாய்க் கிடந்தது.
வெயில் முழங்கையைச் சுட்டது.

"எங்கம்மா?"

பாகாயம் என்றேன்,
பக்கத்து சீட்டுக்காரிக்கும் கேட்கும்படி.

இலவசச் சீட்டைக் கிழித்து நீட்டினார் கண்டக்டர்.
அடுத்த ஆளிடம் திரும்பும்போதே
என்னை மறந்திருந்தார்.